தொண்ணூற்றாறு கொட்டகை, இருநூற்று எழுபத்தொரு ஸ்டூல்

காலை ஏழு மணிக்கு மீன் வரிசையில் பிராகோ புகை போட்ட மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்லது மேலே, உடைந்தது அடியில். அவள் கொட்டகையின் இடது தூணருகே டுஃபியே இறால் தூளைக் குவித்துக்கொண்டிருந்தாள். வலது தூணருகே நண்டுக்காரி ஒருத்தி. ஒரே தகரக் கூரை, மூன்று வியாபாரம். கொட்டகைக்கான உரிமச் சீட்டு மட்டும் பிராகோ பெயரில்.

அப்போது அவள் மகள் அஃப்ரியே வந்து நின்றாள். கையில் காகிதம் செருகிய அட்டை, கழுத்தில் நகரசபையின் அடையாள அட்டை.

"இந்தக் கொட்டகையில எத்தனை பேர் வியாபாரம் பண்றீங்க?"

"ஒருத்தி" என்றாள் பிராகோ, கண் இமைக்காமல்.

அந்தச் சொல் விழுந்த மறுகணம் டுஃபியே எழுந்து தன் இறால் தூளையே விலை கேட்பவள் போலக் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். நண்டுக்காரி கூடையைத் துணியால் மூடிவிட்டு, மழை வருமா என்று வானத்தை ஆராய்ந்தாள்.

"அம்மா, நான் உன் பொண்ணு."

"வீட்டுல பொண்ணு. கழுத்துல அட்டை தொங்குறப்போ நீ நகரசபை. எழுதிக்க, ஒருத்தி."

அடுத்த கொட்டகையிலும் ஒருத்தி. அதற்கடுத்ததிலும் ஒருத்தி. வரிசையின் தொண்ணூற்றாறு கொட்டகையிலும் ஒவ்வொருத்திதான் இருந்தாள். மீன் வரிசைக்குத் தலைவி பிராகோ. என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்தாள்.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. நான்கு வருடத்துக்கு முன் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்து, காய்ச்சலுக்கு ஊசி போடப் போகிறோம், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று பல்லைக் காட்டிக் கேட்டார்கள். பெண்கள் குழந்தைகளையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தார்கள். ஊசி வரவில்லை. அடுத்த மாதம் தலைக்கு இவ்வளவு என்று சுங்கக்காரன் வந்தான். அன்றிலிருந்து யார் எண்ணிக்கை கேட்டாலும் மீன் வரிசை அதை விலை பேச்சாகவே எடுத்துக்கொண்டது. முதலில் கேட்பவனுக்கு உள்ளதைச் சொல்லிவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பேரம் பேசுவது?

மகளின் படிப்பின் மேலேயே பிராகோவுக்குச் சந்தேகம். தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம், பொதுக்கொள்கை. நர்ஸ் என்றால் ஊசி, வக்கீல் என்றால் கோட்டு. இது எதில் சேர்த்தி? கூடப் படித்தவர்களில் ஒருத்தன் நிதி அமைச்சகத்தில், ஒருத்தி எம்.பி.க்களுக்குக் குறிப்பு எழுதுகிறாள், இன்னொருத்தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் ஏசி வண்டியில் போகிறான் என்று அஃப்ரியே அடுக்கினாள். தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரவேண்டும், சந்தை எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னால் போய் விசாரிக்கிற வேலை என்று விளக்கினாள்.

"அப்போ துப்பு சொல்ற வேலை" என்று பிராகோ முடித்துவிட்டாள்.

நகரசபையில் அஃப்ரியேவுக்கு ஆறு மாதப் பயிற்சி. திட்டப் பிரிவு அதிகாரி அசாமோவா நல்ல வார்த்தை சொன்னால் நிரந்தர வேலை. அவர் அவள் கொண்டுவந்த தாள்களைப் புரட்டி, நிறைந்த மனதோடு சிரித்தார். தொண்ணூற்றாறு கொட்டகை, தொண்ணூற்றாறு பேர், ஒரு பிசிறு இல்லை. நகரசபை கட்டப்போகிற புதிய மீன் சந்தைக்குத் தொண்ணூற்றாறு இடம் போதும். கூரை, சாக்கடை, குழாய் எல்லாம் பாதி நிலத்திலேயே அடங்கிவிடும். மீதி நிலத்தைச் சுற்றி வேலி போடச் சொல்லியாகிவிட்டது. அங்கே என்ன வரப்போகிறது என்று அவள் கேட்டதற்கு அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பெட்ரோல் பங்க் முதலாளி ஒருவரின் கார் நின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். அஃப்ரியே தன் பேராசிரியருக்குப் போன் செய்து, கொட்டகைக்கு ஒருத்தி என்பது பொய் என்றாள். அவர்கள் சொன்னதுதான் தகவல், நீ சின்ன வயதில் பார்த்தது தகவல் ஆகாது, வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவா என்றார் அவர்.

ஆதாரம் இருந்தது. சந்தைக்குள் வளர்ந்தவளுக்குத்தான் அது கண்ணில் படும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வியாபாரிக்கும் அவளுக்கே உரிய மர ஸ்டூல் உண்டு. கடை மூடும்போது அதைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள். நிமிர்த்தி வைத்தால் ஆளில்லாத நேரத்தில் வேறு ஏதாவது ஆவி வந்து உட்கார்ந்துவிடும். ஒருத்தி ஸ்டூலை இன்னொருத்தி கடன் கேட்க மாட்டாள், கேட்டாலும் கிடைக்காது. வாய் ஒன்று சொல்லும். ஸ்டூலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

புதன்கிழமை மாலை கடைகள் மூடியதும் அவள் வரிசையில் நடந்து, கொட்டகை கொட்டகையாக எண்ணி எழுதினாள். கடைசியாக அம்மாவின் கொட்டகை. சாய்ந்த ஸ்டூல்கள் மூன்று. அவற்றுக்குப் பின்னால் முழங்கால் உயரம்கூட இல்லாத நான்காவது ஒன்று. ஏழு வயதில் அவள் உட்கார்ந்து கூட்டல் கணக்குப் போட்டது. அதுவும் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"யார்கிட்ட விக்கப் போற எங்கள?"

பின்னால் பிராகோ நின்றாள். யாரோ ஒருத்தி கொட்டகைகளை எட்டிப் பார்க்கிறாள் என்று சந்தைக் காவல்காரன் சொல்லியனுப்பியிருந்தான்.

அஃப்ரியே திரும்பினாள். பையிலிருந்து புதிய சந்தையின் வரைபடத்தை எடுத்து மீன் பலகையின் மேல் விரித்தாள். பிராகோவுக்கு எழுத்து வராது, கட்டம் எண்ண வரும். விரலை வைத்து எண்ணிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நிறுத்தினாள்.

"இது நான். டுஃபியே எங்க?"

"இல்ல."

"நண்டுக்காரி?"

"இல்ல. நீதானேம்மா ஒருத்தின்னு சொன்ன. அப்படிச் சொன்னதுல அசாமோவாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மீதி நிலத்துக்கு வேலி போடச் சொல்லிட்டாரு."

பிராகோ கட்டங்களை இன்னொரு முறை எண்ணினாள். வாழ்நாளெல்லாம் பேரத்தில் ஏமாறாதவள். எதிராளி சிரித்தால் விலையில் ஏதோ தப்பு என்பது அவளுக்குத் தெரியும். கடைசியில் வியாபாரம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"சரி. கொட்டகைக்கு நாலு போடு."

"எண்ணினது இருநூத்தி எழுபத்தொண்ணு. உன் கொட்டகையில மூணு."

"நாலு ஸ்டூல் இருக்கே. கண்ணு தெரியலையா?"

"நாலாவது என்னோடது. நான் அதை எண்ணல. இங்க உக்காந்து விக்கப் போறது இல்ல. ஒண்ணு கூட்டிச் சொன்னாலும், மொத்தமே பொய்ன்னு தள்ளிடுவாங்க."

பிராகோ அந்தச் சின்ன ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு மகளின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். தன் பங்கையே கழித்துவிட்டுக் கணக்குச் சொல்கிறவளை அவள் சந்தையில் இதுவரை பார்த்ததில்லை. "மூணே போடு" என்றாள்.

மறுநாள் காலை மகள் அசாமோவாவிடம் புதிய எண்ணைக் கொண்டுபோனாள். அவர் முகம் இறுகியது. ஸ்டூல் மனிதர் ஆகாது, யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிப் போடலாம் என்றார். நிரந்தர வேலை விஷயமாக இனி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவள் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதே காலையில் பிராகோ மீன் வரிசையைக் கூட்டினாள். பெண்கள் எளிதில் நம்பவில்லை. உன் மகளுக்கு வேலை கிடைக்க எங்களைக் காட்டிக்கொடுக்கிறாயா என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஊசிக் கதையை இன்னொருத்தி எடுத்தாள். பிராகோ வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து, உங்கள் உங்கள் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள் என்றாள். கூட்டம் முண்டியது. மூன்றில் இரண்டு பேருக்குக் கட்டம் இல்லை. டுஃபியே பிராகோவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பதினாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளின் பார்வை.

"நான்தான் அவளை இல்லன்னு சொன்னேன்" என்றாள் பிராகோ, எல்லோர் காதிலும் விழும்படி. "பக்கத்துல உக்காந்திருந்தா. இருந்தும் இல்லன்னு சொன்னேன்."

வெள்ளிக்கிழமை காலை நகரசபை முற்றத்துக்குள் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் அவளவள் ஸ்டூல். வரிசையாகப் போட்டு, நிமிர்த்தி, உட்கார்ந்தார்கள். கூச்சல் இல்லை, பாட்டு இல்லை. மீன் வாசனை மட்டும் மாடிப்படி ஏறி ஒவ்வொரு அறையாகப் போனது. எழுத்தர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். அசாமோவா படியிறங்கி வந்தபோது பிராகோ எழுந்திருக்கவில்லை.

"ஸ்டூல் ஆள் ஆகாதுன்னீங்களாம். ஆளோட கொண்டுவந்திருக்கோம், எண்ணிக்கோங்க ஐயா."

இத்தனை கண்கள் பார்க்கையில் அவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. தானே நடந்து எண்ணினார். இருநூற்று எழுபத்தொன்று.

பிராகோ தன் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நாம சந்தேகப்பட்டது தப்பில்லடி. எதுக்கு எண்ணுறன்னு கேக்காம பொய் சொன்னதுதான் தப்பு. இனிமே எவன் வந்து எண்ணிக்கை கேட்டாலும், எதுக்குன்னு கேளுங்க, எழுதி வாங்குங்க, அப்புறம் உள்ளதைச் சொல்லுங்க. நாம மறைச்சா, நம்மளை இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவான். அவனுக்கு அதுதான் லாபம்."

பிறகு அதிகாரியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"எண்ணினதுக்கு ரசீது குடுங்க. சீல் வச்சு."

அவர் சீல் எடுக்க உள்ளே போனார். படியோரமாக நின்றிருந்த அஃப்ரியேவிடம் டுஃபியே மெல்லக் கேட்டாள், இந்தப் படிப்புக்கு என்னம்மா பேர் என்று. அவள் வாயைத் திறப்பதற்குள் பிராகோவே சொன்னாள்:

"யார் பேர் விட்டுப்போச்சுன்னு பாக்குற படிப்பு."