கூடத்து விரிசலுக்கு யார் பொறுப்பு?

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்த உள்ளொளியிலும் பிறக்கவில்லை. உருண்டோடிய ஒரு பேனா மூடியைத் தேடப் போய்ப் பிறந்தது. வேறொரு கதை எழுதத்தான் உட்கார்ந்திருந்தேன். அதில் கடல் இருந்தது, பிரிவு இருந்தது, பரிசு வாங்குவதற்கான சகல லட்சணங்களும் இருந்தன. மூடி மேசைக்கு அடியில் போக, நானும் முட்டி போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அங்கே தரையில் ஒரு விரிசல். சுவர் மூலையில் ஆரம்பித்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அலமாரிக்கு அடியில் போய் மறைந்திருந்தது. கடல் கதை அன்றைக்கே வற்றிப்போனது.

தெரிந்த பொறியாளர் ஒருவருக்கு ஃபோன் போட்டுப் புலம்பினேன். அவர் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"கான்கிரீட்னா விரியத்தாங்க செய்யும். கலக்கும்போது ஊத்தின தண்ணி காயக் காய அது சுருங்கும். கீழ மண்ணும் சுத்திச் சுவரும் புடிச்சு வச்சிருக்கு, எங்க போய்ச் சுருங்கும்? கிழிஞ்சுக்கும். அதனாலதான் போட்ட மறுநாளே மெஷினை வச்சு நாமளே நேரா ஒரு கோடு அறுத்துவிடுறது. கால்வாசி ஆழம் போதும். விரியறது அந்தக் கோட்டுக்குள்ளயே விரிஞ்சுக்கும், வெளிய தெரியாது."

"அறுக்காம விட்டா?"

"அதுக்குத் தோணின பக்கம் போகும்."

ஃபோனை வைத்ததும் எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது. 'விரிசல்' என்ற சொல்லைப் பார்த்தவுடனேயே உறவு, சமூகம், மனசு என்று மூன்று பக்கம் யோசித்திருப்பீர்கள். வேண்டாம். இந்தக் கதையில் விரிசல் என்றால் விரிசல், தரை என்றால் தரை. குறியீடு தேடி வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவும்.*

* உள்ளே வரக்கூடாது என்று சொல்லவில்லை. தரை புதுசு, அவ்வளவுதான்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தக் கூடத்தில் விரிசல் விழுந்த அன்று வானம் ஒரு—"

(வானம் எதற்கு? கூரை போட்டாகிவிட்டதே.)

இரண்டாம் முயற்சி: "நாளெல்லாம் துணி வெட்டும் தையல்காரியான அவளுக்கு, தரையை வெட்டுவது மட்டும் ஏனோ—"

(அடித்துவிட்டேன். இப்போதுதானே குறியீட்டை வாசலில் நிறுத்தினேன், அதுவே கத்தரிக்கோலோடு கொல்லைப்பக்கமாக வருகிறது.)

ஆகவே அவளுக்கு வேலையை மாற்றினேன். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். காய்ச்சலோ கைவலியோ, டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவளைத் தாண்ட வேண்டும். அவளைத் தாண்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. "டோக்கன் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்று அவள் சொன்னால், சண்டை போடவென்றே வந்த ஆள்கூட சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். அத்தனை வருஷமாகப் பழகிய குரல் அது. இந்தக் குரலை எதற்குக் கொடுத்தேன் என்று கொஞ்சத்தில் தெரிந்துவிடும்.

அவளை அக்கா என்றே கூப்பிடப் போகிறேன். கதையில் ஒரு தம்பி வருகிறான்.

3.

அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வீடு கட்டுகிறார்கள். கட்டிக்கொடுப்பவன் தம்பி. இத்தனை நாள் இன்னொருவரிடம் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவன், சொந்தப் பொறுப்பில் எடுத்திருக்கும் முதல் வீடு இது.

வீட்டுக்காரருக்கு வேலையாட்கள் வைத்த பெயர் ரசமட்டம். குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்து மட்டம் பிடிப்பார்களே, அந்தக் கருவியைச் சின்னதாக ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். டீ கிளாஸ் வைத்த பலகையைக்கூட மட்டம் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பிழைப்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். மோதிக்கொண்ட வண்டிகளை நேரில் போய்ப் பார்த்து, தப்பு யார் மேல் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். முதல் வரைவில் இவரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. மனிதருக்கு மச்சான் மேல் அத்தனை பிரியம். தன் மேனேஜர் வீடு கட்டப்போகிறார் என்று தெரிந்ததும், "என் மச்சான்கிட்ட குடுங்க சார், கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க" என்று வலியப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான்.

அந்த மேனேஜர் வீட்டை நம்பித்தான் தம்பி பழைய வேலையை விட்டான். கதை முழுக்க இந்த ஒரே ஆணியில் தொங்குகிறது, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

4.

கூடத்துக்குத் தரை போட்ட மறுநாள் காலை. தம்பி கதவு நிலை பார்க்க மரக்கடைக்குப் போயிருந்தான். அக்கா தனியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாக நடந்தாள். சாம்பல் நிறத்தில், வழவழவென்று, குளுகுளுவென்று கிடந்தது தரை. வாடகை வீடுகளில் யார் யாரோ தேய்த்துவிட்டுப் போன தரையில் புழங்கிய காலுக்கு, தனக்கென்றே ஊற்றிய தரை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆள் இல்லாததால் தாராளமாகவே அழுதாள்.

(இந்த இடத்தில் நான் கிண்டல் செய்வதாக இருந்தது. செய்யவில்லை.)

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் ஒருவர் சக்கரம் வைத்த மெஷினோடு நிற்கிறார்.

"என்னங்க வேணும்?"

"தரை அறுக்கணும்க்கா. தம்பி வரச் சொன்னாரு."

"எந்தத் தரையை?"

"இதைத்தான்."

அக்கா இரண்டு கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டாள். "நேத்துதானே போட்டாங்க? அதுக்குள்ள அறுக்கிறதா? உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"இதாங்க்கா என் வேலையே."

"தம்பி இல்லை இப்ப. நாளைக்கு வாங்க."

"நாளைக்குன்னா லேட்டாயிடும்க்கா, அப்புறம் அது—"

"நாளைக்கு வாங்கன்னேன்."

அந்தக் குரலுக்கு அவரும் விதிவிலக்கில்லை. மெஷினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவரை அந்த ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லவிட்டிருந்தால் கதையே கிடையாது. ஆக, அவளும் நானும் சேர்ந்துதான் அவரை விரட்டினோம்.

சாயங்காலம் தம்பி ஃபோன் செய்தான். "அக்கா, யாராவது வந்தாங்களா?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாரும் வரலையேடா."

ஏன் அப்படிச் சொன்னாள்? மூன்று காரணம் எழுதி மூன்றையும் அடித்தேன். வந்தார் என்று சொன்னால் மறுபடி அனுப்புவான், தரையை அறுத்துவிடுவார்கள். அவ்வளவுதான். மெஷின்காரர் மறுநாள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட, தம்பி இன்னொருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் தரை தன் பாட்டுக்கு முடிவெடுத்துவிட்டது.

5.

கூடத்துத் தூணின் மூலையில் ஆரம்பித்து, கோணலாக, சமையலறை வாசலைப் பார்த்து ஒரு விரிசல்.

ரசமட்டம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். நகத்தை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார், குமிழி நடுவிலேயே நின்றது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்தார். விரிசல் மேற்கொண்டு அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வாரங்கள் போயின. கண்ணாடி அப்படியே இருந்தது, மனிதர்தான் நிலைகொள்ளாமல் அலைந்தார்.

பாவமாக இருக்கவே, என் பொறியாளரையே கதைக்குள் அனுப்பிவைத்தேன். அவர் மென்றுகொண்டே வந்து பார்த்தார். "சும்மா மேலாக்கத்தான். அடைச்சிட்டு மேல டைல்ஸ் ஒட்டிடுங்க. மறுநாளே அறுத்திருந்தா இதுவும் வந்திருக்காது" என்று சொல்லிவிட்டு, அடுத்த கதைக்கு நேரமாகிவிட்ட மாதிரி கிளம்பினார்.

நல்ல மனுஷன், முதல் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஏன் அறுக்கலை?" என்றார் ரசமட்டம். தரையைப் பற்றிய கவலை அந்த நிமிஷமே அவருக்குத் தீர்ந்துபோயிற்று. தப்பு யார் மேல் என்பதுதான் பாக்கி. "வேலை தெரியாதவன்னா பரவாயில்லை, கத்துக்குவான். தெரிஞ்சும் அசட்டையா இருந்திருக்கான்னா எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் மேனேஜர்கிட்ட சொல்றது? ஞாயித்துக்கிழமை வரட்டும், கேக்கறேன்."

அக்கா சமையலறைக்குள் போய், இன்னும் குழாய் வைக்காத தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

6.

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று செய்துவைத்தேன்.

அ) கண்ணாடித் துண்டை அக்கா தெரியாமல் மிதித்துவிடுகிறாள். வீடே இடியப் போகிறது என்று ரசமட்டம் அலற, தம்பியைக் கேட்க மறந்து எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள். (சிரிப்பு வரும். ஆனால் எல்லோரும் திரும்பி உள்ளே வந்துதானே ஆக வேண்டும்?)

ஆ) அக்கா உண்மையைச் சொல்கிறாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, அவள் தலையில் செல்லமாக— (மேசைக்கு அடியில் போய் என் விரிசலையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.)

இ) காலம் எல்லாவற்றையும்— (டைல்ஸ் ஒட்டிவிடும். சரி, சரி.)

நான்காவதாக ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. என்னைக் கேட்காமல் தம்பி பேசிவிட்டான்.

7.

"மறுநாளே ஏன் அறுக்கலை?" என்றார் ரசமட்டம்.

தம்பி விரிசலைப் பார்த்தபடி நின்றான். சமையலறை நிலைப்படிக்குப் பின்னால் அக்கா கையில் துணியோடு நிற்கிறாள்.

"நான்தான் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன் மாமா."

அக்காவின் கை நின்றது. வரவில்லை என்று சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். திருப்பி அனுப்பினேன் என்கிறான். வந்தவரைத் திருப்பி அனுப்பினது மெஷின்காரருக்கும் அவளுக்கும் மட்டும்தானே தெரியும்? அந்த ஆளிடம் இவன் அன்றைக்கே கேட்டிருக்கிறான். இத்தனை வாரமாகத் தெரிந்துகொண்டே வந்து, அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறான்.

"தெரிஞ்சே அனுப்பினியா?"

"ஆமா மாமா. என் தப்புதான்."

ரசமட்டத்துக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. முகம்தான் தொங்கிப்போயிற்று. "மேனேஜர்கிட்ட வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிடறேன் மச்சான். மனசுல வச்சுக்காதே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தார். தம்பி தலையாட்டினான். வேலையை விட்டுவிட்டு வந்தவன், சட்டையில் ஒட்டாத தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

எதிர்முனையில் மணி அடிக்கிறது.

அக்கா வெளியே வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. விரிசலின் மேலேயே நடந்து வருகிறாள். கண்ணாடித் துண்டைத் தாண்டிக் கால் வைத்து, வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் நடுவில் நிற்கிறாள். தம்பி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைக்கிறான்.

"ஹலோ" என்கிறார் மேனேஜர்.

"என்னங்க" என்கிறாள் அக்கா.

அடுத்த வாக்கியத்தை எழுதினேன், அடித்தேன். "அவனை நம்பாதீங்க, அவன்—" அடித்தேன். "ஃபோனை வைங்க, நான் ஒண்ணு—" அதையும் அடித்தேன். எதை எழுதினாலும் அவள் குரல் வரவில்லை, என் குரல்தான் வருகிறது. உங்களைக் குறியீட்டோடு உள்ளே வராதீர்கள் என்று சொன்ன நானே இப்போது மெஷினை உருட்டிக்கொண்டு வருகிறேன், மன்னிக்க வேண்டும். கதை இனிமேல் எப்படியும் உடையும். தோன்றின பக்கம் போவதற்கு முன் இங்கே நேராக ஒரு கோடு அறுத்துவிடுகிறேன்.

—————————

கோட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள், வாய் திறந்தபடியே இருக்கிறது, ஃபோனில் ஆள் காத்திருக்கிறார். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள். எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நாளைக்கு வாங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.