சீல் உடையாத பத்து-அறுபது

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முன்பு சுக்கு மூட்டை அடுக்கியிருந்த ஒரு கோடவுனில் இசக்கிதுரை கார்ப் பட்டறை வைத்திருந்தார். பதினாறு வருஷமாக எஞ்சின் ஆயில் சிந்தியும் சுவரிலிருந்த சுக்கு வாசனை போகவில்லை. வண்டி கொண்டுவருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகு பேசுவார்கள்.

சங்கர்ராம் மட்டும் தும்மிக்கொண்டே பேசுவார்.

அவர் ஒரு மசாலா எண்ணெய்க் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். ஏலக்காய் எண்ணெயை அளந்தவனுக்கு எஞ்சின் எண்ணெய் எந்த மூலைக்கு என்பது அவர் கட்சி. ‘கொச்சி டர்போ குடும்பம்’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். குடும்பத்தில் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் பானெட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள்.

ஜூன் மாதத்து மழைக் காலையில் தன் ஜெர்மன் டர்போ காரிலிருந்து அவர் இறங்கியபோது கையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. கறுப்பு கேன், சிவப்பு எழுத்து. 10W-60, பட்டறைப் பேச்சில் பத்து-அறுபது.

“துபாய்லேர்ந்து மச்சினன் கொடுத்தனுப்பினான். ரேஸ் வண்டில ஊத்தற சரக்கு. பழசை எறக்கிட்டு இதை விடு இசக்கி.”

இசக்கிதுரை கேனைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மார்க்கர் பேனாவால் ‘சங்கர்’ என்று எழுதியிருந்தது. பெட்டி மாறிப்போகாமல் இருக்க மச்சினன் செய்த காரியம்.

“சாமி, கம்பெனி இதுக்கு அஞ்சு-முப்பதுல்லா சொல்லிருக்கான்.”

“கம்பெனிக்காரன் பனியில உக்காந்துண்டு எழுதினான். இங்கே மட்டாஞ்சேரில ஒரு மத்தியானம் உக்காந்து பார்க்கட்டும், கேட்டயா? மூளையே உருகிடும். உருகற ஊருக்குக் கட்டி எண்ணெய்தான் நிக்கும்.”

“பின்னால இருக்க நம்பருக்கு நீங்க சொல்லுதது சரி. சூட்டுல எம்புட்டு கட்டியா நிக்கும்ங்குதது அது. முன்னால இருக்கது காலையில எஞ்சின் ஆறிக் கெடக்கும்போது எம்புட்டு சீக்கிரம் ஓடிப்போய்ச் சேரும்ங்குதது. டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒண்ணரை லட்சம் சுத்து சுத்துது சாமி. அது நிக்கதே எண்ணெய் மேலதான். அதுக்கு ரசம் வேணும். நீங்க பாயசம் கொண்டாந்துருக்கிய.”

“ரேஸ்காரனுக்கு உன்னைவிடக் கம்மியா தெரியுமாக்கும்?”

“அவன் எண்ணெயச் சூடு பண்ணிட்டுல்லா ஸ்டார்ட் பண்ணுதான்.”

சங்கர்ராம் ஒரு தும்மலில் அந்த வாதத்தை முடித்தார். “நீ விடு. நான் சாயா குடிச்சுட்டு வரேன். காலி கேனை உன் ஆத்துக்காரிகிட்டக் கொடு. துவரம்பருப்பு போட்டு வெச்சுக்கலாம்.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மனிதர் நேராகத் தேவராவில் உள்ள பட்டறைக்குப் போவார், அங்கே விளக்கெண்ணெய் கொடுத்தாலும் ஊற்றுவார்கள். அந்த எஞ்சினை இசக்கிதுரை இரண்டு தடவை பிரித்துக் கோத்திருக்கிறார். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று மணிக்கணக்காகக் கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்ட எஞ்சினுக்குத் தெரிந்தே கெடுதல் செய்ய அவருக்குக் கை வரவில்லை.

பழைய எண்ணெயை இறக்கினார். தன் அலமாரியிலிருந்த அஞ்சு-முப்பதை ஊற்றினார். கறுப்பு கேனை, சீலைத் தொடாமலே, கேஸ்கெட் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

திரும்பிவந்த சங்கர்ராம் வண்டியை ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக்கொண்டார்.

“பட்டு! கேக்கறதா இசக்கி? பட்டு!”

“ஆமா சாமி,” என்றார் இசக்கிதுரை.

அந்த வாரமே குழுவில் சங்கர்ராமின் கட்டுரை நான்கு பாகங்களாக வந்தது. முதல் மூன்று பாகங்களில் பிரபஞ்சம். நான்காம் பாகத்தில் எண்ணெய். ‘என் மெக்கானிக் எதிர்த்தான். அறியாமை. ஆனால் கை சொன்னபடி கேட்டது’ என்று ஒரு வரி. பிறகு ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஓட்டல் ஹாலில் கருத்தரங்கு, பொன்னாடை, திரையில் தேன் சொட்டும் படம். ஓணத்துக்குள் பதினோரு பேர் பத்து-அறுபதுக்கு மாறினார்கள். யாரும் இசக்கிதுரையிடம் வரவில்லை. அறியாமை உள்ளவனிடம் யார் போவார்கள்? எல்லாரும் தேவராவுக்குப் போனார்கள்.

கோடவுனுக்குப் பின்னாலிருந்த இரண்டறை வீட்டில் மனைவி பாக்கியலக்ஷ்மியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “அஞ்சு-முப்பத ஊத்துனதுக்கு பொன்னாட போத்திருக்காங்கட்டி!”

சிரிப்பு நவம்பரில் நின்றது. அன்று காலை தோப்பும்படி பாலத்திலிருந்து வெங்கிட்டுவின் காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். வெங்கிட்டு, எண்ணெய் மாறிய பதினோரு பேரில் ஒருவர், பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். வண்டியை எடுத்ததும் மிதிக்கிற சுபாவம். இறக்கிய எண்ணெய் கறுத்த பாகாக விழுந்தது. டர்போவைக் கழற்றினார். தண்டு இரண்டாக ஒடிந்து, ஒடிந்த இடம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. விஷம் குடித்தவன் உதடு மாதிரி.

“சங்கரன் சொன்ன அதே எண்ணெய்தான் விட்டேன்,” என்றார் வெங்கிட்டு. குரலில் கோபம் இல்லை, வெட்கம்தான். “அவன் வண்டி எத்தனை நன்னா ஓடறது! என் ராசியாக்கும்.”

டர்போவில் பிழைத்தது காற்றை உறிஞ்சும் சின்னச் சக்கரம் ஒன்றுதான். நடுவில் ஓட்டை உள்ள அலுமினியப் பூ. அதை ஜன்னலோர ஆணியில் மாட்டினார். ஏன் மாட்டினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றிலிருந்து தொடங்கியது.

காயலிலிருந்து காற்று வந்தால் சக்கரம் சுற்றும், அதில் அதிசயமில்லை. பட்டறை வாசலில் கட்டிய தோரணத்துத் தாள்கூட அசையாத வேளைகளிலும் அது மெல்ல அரைச் சுற்று சுற்றி, எதையோ நினைத்துக்கொண்டதுபோல் நின்றது. எண்ணெய் போய்ச் சேரும்வரை இரும்பு இரும்போடு பேசுகிற அந்தக் கரகரச் சத்தம் அவருக்கு எங்கும் கேட்டது. படகுத்துறையில் போட் கிளம்பும்போது கேட்டது. எதிர்க்கடை ஷட்டர் ஏறும்போது கேட்டது. பாக்கியலக்ஷ்மி தேங்காய் துருவினால் எழுந்து வெளியே போனார்.

கேன் வேறு. அதன் சிவப்பு எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். காலையில் அது அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் கழுத்தெல்லாம் வேர்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

“நாந்தான் தொடச்சுத் திருப்பி வச்சேன்,” என்றாள் பாக்கியலக்ஷ்மி. “ஒரு கேன் மூஞ்சியப் பாக்க ஒங்களுக்கு என்ன பயம்?”

பேய் இல்லை என்று தெரிந்ததும் பயம் தெளிய வேண்டும். அவருக்குக் கூடியது.

டிசம்பரில் ஒரு நாள் காலை ஆறு நாற்பதுக்குச் சத்தம் எதிர்ச் சந்திலிருந்து வந்தது. இசக்கிதுரை பல்லைத் தேய்த்தபடி நின்று கேட்டார். இது மனசில் கேட்ட சத்தம் இல்லை. ஷபானாவின் சிவப்பு டர்போ கார் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. கர கர கர, பிறகு அடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி.

ஷபானா பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண், வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தில் எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுகிறவள். ‘பொண்ணுக்கு எதுக்கு டர்போ?’ என்று அண்ணன் கேட்ட மறுமாதம் அந்தக் காரை எடுத்தாள். டர்போ குடும்பத்தில் ஒரே பெண். தப்பான கேள்வி கேட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கேள்வியே கேட்காமல் அட்மின் சொன்ன எண்ணெய்க்கு மாறியிருந்தாள்.

மறுவாரம் நான்கு விநாடி. அதற்கடுத்த வாரம் ஆறு. ஏழானபோது அவர் சந்துக்குள் போய் அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஷபானா, அந்த எண்ணெய எறக்கிருவோம்மா. இப்பமே அஞ்சு-முப்பது ஊத்தித் தாரேன்.”

“எந்தினா, எதுக்கு அண்ணே? சங்கர்ராம் சார் வண்டியிலயும் இதானே கிடக்கு? ஆறு மாசமா பூச்சக்குட்டி மாதிரி ஓடுது. நானே கேட்டேன்.”

“அந்த வண்டி வேற.”

“என்ன வேற?”

இசக்கிதுரை வாயைத் திறந்தார். உள்ளே ‘ஆமா சாமி’ என்ற இரண்டு வார்த்தை குறுக்கே கிடந்தது.

“உங்களுக்கும் அவருக்கும் வழக்கு. அதுக்கு என் வண்டிய இழுக்காதீங்க,” என்று சிரித்தாள் அவள். “சாரமில்ல, பரவால்ல, நான் பாத்துக்கறேன்.” கார் கிளம்பிப் போயிற்று.

பட்டறைக்காரனுக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு. இதை ஊற்றினேன் என்றால் அதைத்தான் ஊற்றியிருப்பான் என்கிற பெயர். ஒரு வண்டியில் மாற்றி ஊற்றினேன் என்று வாயால் சொன்னால், பதினாறு வருஷமாக வந்த எல்லா வண்டியும் எழுந்து நின்று ‘எனக்கு என்ன ஊற்றினாய்?’ என்று கேட்கும்.

“சொன்னா பட்டற போவும்,” என்றார் மனைவியிடம்.

“சொல்லாட்டி?”

“அந்தப் புள்ள வண்டி பாலத்துல நிக்கும்.”

“நிக்கதோட போவுமா?”

அவள் தினமும் வல்லார்பாடம் போகிற கோஸ்ரீ பாலத்தில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டுதான் போகும். பாக்கியலக்ஷ்மி போய்க் கேனை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டர்போ குடும்பம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையோரம் கூடும். அப்பமும் ஸ்டூவும் உண்டு. கார்களைவிடக் கேமரா அதிகம். அன்று சங்கர்ராம் ‘எண்ணெயும் ஒழுக்கமும்’ என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது இசக்கிதுரை நடுவே நடந்துபோய், கறுப்பு கேனை அவர் கார் பானெட்மேல் வைத்தார்.

“சாமி, நீங்க குடுத்த கேன். சீல்கூட உடைக்கல. ஒங்க வண்டில ஓடுதது அஞ்சு-முப்பது. நாந்தான் ஊத்துனேன். ஊத்திட்டு ஆமான்னு பொய் சொன்னேன்.” பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “எல்லாரும் அந்த எண்ணெய எறக்கிருங்க.”

சங்கர்ராம் பதறவில்லை. பதற்றம் அட்மினுக்கு அழகல்ல. பானெட்டைத் திறந்து, அளவுக்கம்பியை உருவி, ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தார். வெயிலில் காட்டினார். முகர்ந்தார். நாக்கில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

“அறுபதுதான்,” என்றார். “என் விரலுக்குத் தெரியாதா?”

குடும்பம் மூச்சு விட்டது.

“சீல் அப்படியே இருக்கேடா சங்கரா,” என்றார் வெங்கிட்டு.

“கடையில புதுசா ஒண்ணு வாங்கிண்டு வந்திருக்கான் மாமா. தேவராக்காரன்மேல இவனுக்குப் பொறாமை.”

“அடியில ஒங்க மச்சினன் எழுதுன பேரு இருக்கும் சாமி. திருப்பிப் பாருங்க.”

கேன் பானெட்மேல் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் முப்பது பேர் நின்றார்கள். ஒருவர் அப்பத்தைப் பிய்த்தார். ஒருவர் போனைப் பார்த்தார். யாரும் திருப்பவில்லை.

“இவன்கிட்ட வண்டி விட்டவா எல்லாரும் யோசிச்சுக்கோங்கோ,” என்றார் சங்கர்ராம். “உங்க வண்டில என்னத்தை ஊத்தியிருக்கானோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.”

அது மட்டும் நியாயமான பேச்சு என்று இசக்கிதுரைக்கே பட்டது.

அப்போது பின்னாலிருந்து ஷபானா வந்தாள். கேனைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள். பார்த்தாள். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். தன் கார் பக்கம் போய்ச் சாவியைக் கையில் எடுத்தாள்.

“அண்ணே,” என்றாள். “ஸ்டார்ட் பண்ண வேண்டாம் அல்லே? தள்ளிட்டே போலாமா?”

தள்ளினார்கள். ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே அவளும், பின்னாலிருந்து அவரும். வெங்கிட்டுவும் கூட வந்தார். அவர் தள்ளவில்லை, பள்ளம் மேடு சொன்னார். இரண்டு கிலோமீட்டர். தெருவில் சாயாக் கடைக்காரர்கள், “எந்து பற்றி சேட்டா, பெட்ரோல் தீர்ந்நோ?” என்று கேட்டார்கள். நூற்றைம்பது குதிரைத் திறன் உள்ள வண்டி என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கறுப்பு கேன் சங்கர்ராமின் பானெட்மேலேயே இருந்தது.

அன்றே எண்ணெய் மாறியது. அவள் பக்கத்தில் நின்று பார்க்க, புதுக் கேனின் சீலை அவள் கையாலேயே உடைக்கச் சொன்னார். திங்கட்கிழமைக்குள் மூன்று பேர் வந்து, ‘என் வண்டியில நீ என்ன ஊத்தினே?’ என்று கேட்டார்கள். இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆறு நாற்பது. எதிர்ச் சந்தில் கார் ஸ்டார்ட் ஆயிற்று. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. கரகர இல்லை. ஷபானா பட்டறை வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் போனை நீட்டினாள். குழுவில் சங்கர்ராமின் படம். தேவராப் பட்டறையில் தன் கார் எஞ்சினுக்குள் கறுப்பு கேனைக் கவிழ்த்துப் பிடித்தபடி நிற்கிறார். ‘சந்தேகப்படுகிறவர்களுக்காக மறுபடியும் ஒருமுறை.’ கீழே முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பியிருந்தார்கள்.

“மறுபடியுமாம்,” என்றாள் ஷபானா. போய்விட்டாள்.

இசக்கிதுரை உள்ளே வந்தார். ஆணியில் சக்கரம் அசையாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அப்படித்தான். முதுகிலிருந்து ஏதோ இறங்கிப்போன மாதிரி இருந்தது அவருக்கு. ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்கட்டில் பாக்கியலக்ஷ்மி தேங்காய் துருவுகிற சத்தம், வெறும் தேங்காய்ச் சத்தமாகவே கேட்டது.

ஏழு மணிக்குச் சக்கரம் மெல்ல அரைச் சுற்று சுற்றியது.

பேலஸ் ரோட்டுப் பக்கம், சங்கர்ராம் வீடு இருக்கும் திசையில், ஒரு கார் கிளம்பியது. கர கர கர கர.

தேங்காய்ச் சத்தம் நின்றது. கையில் பாதி மூடியோடு பாக்கியலக்ஷ்மி வாசற்படிக்கு வந்தாள்.

“ஏங்க, இது எனக்கும் கேக்குதே.”

“எத்தன விநாடி?”

“எண்ணலையே.”

“நாளைக்கு எண்ணு,” என்றார் இசக்கிதுரை.