சாணக் குழியும் சமையற்கட்டும்

எருமை செத்த மறுநாள் காலை, அதை வளர்த்த வேண்டா கல்லூரிக்குள் நுழைந்து நேராக வேதியியல் துறை வாசலில் வந்து நின்றாள். காவலாளி தடுத்தும் நிற்கவில்லை. அவள் கையில் மடித்த வாழை இலை ஒன்று இருந்தது. வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்த ஜெய்புன்னிசாவின் முன்னால் அதைப் பிரித்துக் காட்டினாள். இலைக்குள் கண்ணாடிச் சில்லுகள்.

"மாட்டு வயித்தைக் கிழிச்சதுல வந்துச்சு. இது உங்க வூட்டுச் சாமான்தானே டீச்சரம்மா?"

ஜெய்புன்னிசாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துபோயிற்று. சோதனைக்குழாயின் வளைந்த விளிம்பு. அவளுடைய ஆய்வுக்கூடத்தில் உடைந்தது.

செங்கல்பட்டில் ஏரிக்கரையை ஒட்டியிருந்தது அந்தப் பெண்கள் கல்லூரி. ஜெய்புன்னிசா அங்கே வேதியியல் விரிவுரையாளர், விடுதிக்கு வார்டனும் அவள்தான். விடுதியின் எச்சில் இலை, மீந்த சோறு, கிழிந்த காகிதம், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி எல்லாமே ஒரே கூடையில் போய்ப் பின்பக்கச் சுவருக்கு அப்பால் விழும். சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கல்லூரியில் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே வேண்டாவின் குடியிருப்பு இருந்தது. அவர்களுடைய மாடுகள் மேய்கிற சரிவு அது.

"முதல்வர்கிட்ட சொல்லி உங்களுக்கு ஏதாச்சும்..." என்று ஜெய்புன்னிசா தொடங்கினாள்.

"எனக்கு ஒண்ணியும் தர வேணாம். பூட்ட மாடு பூட்டுது. இன்னும் மூணு உருப்படி கீது. நாளைக்கு இந்தக் குப்பைய எங்க கொட்டப்போறீங்க? அத்தச் சொல்லு, போறேன்."

ஜெய்புன்னிசா பின்பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டா இலையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல்வர் கோபாலகிருஷ்ணனிடம் பதில் தயாராக இருந்தது. "வண்டி வச்சு ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டச் சொல்லிடலாம்."

"அந்த வெளியிலயும் மாடு மேயும் சார்."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

அந்த வாரம் ஜெய்புன்னிசா தினமும் போய்ச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சாணத்தைக் கரைத்து மூடிய குழிக்குள் விட்டு, அதில் வருகிற வாயுவை அடுப்பில் எரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். குழியின் மேல் கவிழ்த்த இரும்பு உருளை ஒன்று மிதந்தது. வாயு சேரச் சேர உருளை உயரும், எரிக்க எரிக்க இறங்கும். எரிந்தது போக மிஞ்சுகிற கரைசல் வயலுக்கு நல்ல எரு. சாணத்தோடு மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் போட்டால் என்ன என்று பண்ணைக்காரரைக் கேட்டாள். போட்டுப் பார்த்ததில்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இறங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அது எழுபத்து நாலாம் வருஷம். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் வரிசை தெருமுனை வரை நிற்கும், விறகு கிடைப்பதும் கஷ்டம். அதைச் சொல்லித்தான் முதல்வரைச் சம்மதிக்க வைத்தாள். அவர் அரை மனதோடு தலையாட்டினார். "சமையல்கட்டு நாறிச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

உருளையைச் செய்து கொடுத்தவன் அவளுடைய தம்பி நூர்முகமது. கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலைக்கு வந்திருந்த குத்தகைக்காரரிடம் வெல்டராக இருந்தான். புதுப்பட்டினத்து வீட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடைத் தகடுகளைப் போட்டு, வேலை முடிந்த சாயங்காலங்களில் பற்றவைத்தான்.

"அணுவுல கரண்டு எடுக்கிறவங்க பக்கத்துல குந்திகினு நான் சாணிக்கு மூடி செய்றேன். கூட வேலை செய்றவன்லாம் சிரிக்கிறான்க்கா" என்றான்.

"ஓட்டை இல்லாம செய். சிரிச்சா சிரிக்கட்டும்."

லாரியில் ஏற்றி மாமல்லபுரம் வழியாக உருளையைக் கொண்டுவந்தார்கள். வழியில் டீ குடிக்க நிறுத்திய இடங்களில் எல்லாம் கூட்டம் கூடியது. கல்பாக்கத்திலிருந்து வருகிறது என்றதும் ஒருவர் தள்ளி நின்றே பார்த்தாராம். வெடித்துவிடுமா என்று கேட்டாராம். நூர்முகமது அதை நடித்துக் காட்டியபோது ஜெய்புன்னிசா பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

விடுதிக்குப் பின்னால் குழி வெட்டிச் செங்கல் கட்டி, சமையற்கட்டு அடுப்புக்குக் குழாயும் இழுத்தாயிற்று. விடுதி வாசலில் மூன்று பீப்பாய்கள் வந்தன. ஒன்று சோற்றுக்கும் இலைக்கும், ஒன்று காகிதத்துக்கு, ஒன்று கண்ணாடிக்கும் பிளேடுக்கும். கண்ணாடியைத் திரும்ப உருக்குகிறவர்களுக்கும் காகிதத்தைப் பழைய பேப்பர்காரருக்கும் கொடுத்துவிடலாம். வேண்டாவிடம் போய்ச் சாணம் கேட்டாள். வேண்டா பீப்பாய்களைச் சுற்றி வந்தாள். கண்ணாடிப் பீப்பாய்க்குள் குனிந்து பார்த்தாள்.

"இது எங்க பக்கம் வராதுல்ல?"

"வராது."

"அப்ப சாணி தரேன். குழியிலேர்ந்து வர்ற தண்ணிய எங்க கழனிக்கு வுடணும்."

விடுதிப் பெண்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய செயலாளர் ஜெசிந்தா, எல்லோர் சார்பிலும் வந்து நின்றாள். "மிஸ், சாணியில வர்ற நெருப்புல ஆக்கின சோத்தை எங்களால சாப்பிட முடியாது. எங்க வீட்டுல கேட்டா என்ன சொல்வாங்க?"

சமையற்காரர் கோதண்டராமன் அதற்கும் ஒரு படி மேலே போனார். "வார்டனம்மா, நான் விறகு வச்சு ஆக்குறவன். எனக்கு இந்தப் பேஜாரெல்லாம் வேணாம். குழியில இன்னா போடணும், சொல்லு, போட்டுடறேன். அதுக்கு மேல என்ன இழுக்காத."

அவர் சொன்னபடியே போட்டார். சுதந்திர தின விருந்தில் அண்டா அண்டாவாக மீந்த எலுமிச்சைச் சோறு, புளிக்குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் குழிக்குள் கவிழ்த்தார். அடுப்பு பற்றவைக்கும் விழா அந்த மாதக் கடைசியில். வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். முதல்வர் தீக்குச்சியைக் கிழித்து அடுப்பருகே கொண்டுபோனார். அணைந்தது. இன்னொன்று கிழித்தார், அதுவும் அணைந்தது. அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் மட்டும் சமையற்கட்டு முழுக்கப் பரவியது. விருந்தினர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியேறினார்கள். வராந்தாவில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு ஜெய்புன்னிசாவின் அறை வரை கூடவே வந்தது.

"தீபாவளி லீவுக்குள்ள மூடிடுங்க" என்றார் முதல்வர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது.

அறையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு குடுவையை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள். கரைசலை மொண்டு வந்து லிட்மஸ் தாளை நனைத்தாள். நீலத் தாள் பளிச்சென்று சிவந்தது. குழி புளித்துப்போயிருந்தது. வாயுவை உண்டாக்குகிற நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் வேலையை நிறுத்திவிட்டன. கோதண்டராமனைக் குறை சொல்லவும் வழியில்லை. என்ன போட வேண்டும் என்று அவரிடம் சொன்னாளே தவிர, எவ்வளவு, ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் வேண்டாவிடம் போனாள். "குழிக்கு வயிறு சரியில்ல. சோறு நிறுத்தியாச்சு. கொஞ்ச நாளைக்குச் சாணி மட்டும்தான், தெனம் வேணும்."

"உங்காளுங்க மூடச் சொல்லிட்டாங்கன்னு பேசிக்கிறாங்களே?"

"லீவு வரைக்கும் டைம் கீது" என்றாள் ஜெய்புன்னிசா. வீட்டுப் பேச்சு தன்னையறியாமல் வந்துவிட்டது. வேண்டா பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்தாள்.

இருவரும் சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். மூங்கில் கழியால் கிளறினார்கள். காலையில் வகுப்புக்குப் போகும்முன் ஜெய்புன்னிசா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாணம் கரைப்பதைப் பெண்கள் மாடியிலிருந்து பார்த்தார்கள். முதலில் சிரித்தவர்கள், போகப் போகச் சிரிக்காமல் பார்த்தார்கள். லிட்மஸ் தாளின் சிவப்பு ஒவ்வொரு வாரமும் மங்கியது. ஐப்பசி பிறந்தபோது தாள் நிறம் மாறவே இல்லை. அசையாமல் கிடந்த உருளை ஒரு காலையில் ஒரு முழம் எழும்பியிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை நாலு பேர் முன்னால் பட்டது போதும் என்றிருந்தது. உருளை ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. தீபாவளியும் வந்து போனது. விடுமுறை முடிந்து பெண்கள் திரும்பினார்கள். குழியை மூட வேண்டிய கொத்தனார் மட்டும் மழை பிடித்துக்கொண்டதால் வரவில்லை.

சாதாரண மழை இல்லை அது. கடல் பக்கமிருந்து காற்றும் சேர்ந்து அடித்தது. திருக்கழுக்குன்றம் ரோட்டில் தண்ணீர் ஓடியது. விறகுக் கொட்டகையின் கூரை பறந்து, அடியில் கிடந்த கட்டை வரை ஊறிப்போனது. கோதண்டராமன் புகைக்குள் உட்கார்ந்து ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். ரேஷன் கடை திறக்காததால் மண்ணெண்ணெயும் இல்லை, அரிசி இருந்தும் ஆக்க வழியில்லை. காலையில் பெண்களுக்குக் கிடைத்தது ஆளுக்குக் கைப்பிடி பொரி. மத்தியானம் அதுவும் இல்லை.

அந்த நேரத்தில் வேண்டாவின் குடியிருப்புக்குள் ஏரித் தண்ணீர் புகுந்தது. பிள்ளைகளையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு அவர்கள் கல்லூரிக்கு வந்தார்கள். முதல்வரே ஓடிப்போய் மண்டபத்தைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டுத் திரும்பியவர், ஈரத்தில் நடுங்குகிற குழந்தைகளைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன குடுக்கிறது?" என்றார்.

ஜெசிந்தா ஜெய்புன்னிசாவின் பக்கத்தில் வந்து நின்றாள். கீழே பார்த்துக்கொண்டே, "மிஸ், அந்தக் குழி... இப்ப எரியுமா?" என்று கேட்டாள்.

"எரியும். சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவோம் மிஸ்."

ஜெய்புன்னிசா சமையற்கட்டுக்குப் போனாள். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். கோதண்டராமன் அடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வாணாம் வார்டனம்மா. போன தபா மாதிரி ஆயிடப்போவுது. இத்தினி பேரு பாத்துகினு கீறாங்க."

அவள் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்தாள். மெல்லிய சீறலோடு நீலச் சுடர் வட்டமாக எழுந்தது. யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அதற்குள் சுடர் திக்கித் திணறி, களக் களக்கென்று சத்தம் போட்டு அணைந்தது. கைதட்டலும் நின்றது. ஜெய்புன்னிசா குனிந்து குழாயில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அந்தச் சத்தம் அவளுக்குப் புரிந்தது. மழைக் குளிரில் வாயுவின் ஈரம் குழாய்க்குள் தண்ணீராகத் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அடுப்புக் குழாயை மூடிவிட்டு வெளியே ஓடினாள். குழாய் தாழ்கிற இடத்தில் இருந்த திருகாணியைக் கழற்றினாள். கால்படித் தண்ணீர் கொட்டியது. திருகாணியை இறுக்கிவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்து மறுபடி பற்றவைத்தாள்.

இந்த முறை சுடர் அசையவில்லை.

கோதண்டராமன் உலைப்பானையைத் தூக்கி வைத்தார். தண்ணீர் கொதித்தது. அரிசி வெந்தது. பானையை இறக்கியவர் அதைச் சாய்த்து அடியைப் பார்த்தார். விரலால் தேய்த்தும் பார்த்தார். "கரியே புடிக்கல" என்றார் தனக்குத்தானே. உடனே குரலை உயர்த்தி, "அடுத்த பானை எங்க? நின்னுகினு வேடிக்கை பாக்காம அரிசி களைங்க" என்று பெண்களை விரட்டத் தொடங்கினார். அடுப்பு அந்த நிமிஷத்திலிருந்து அவருடையதாகிவிட்டது.

பானை பானையாகச் சோறு இறங்கியது. பருப்பும் வெந்தது. வெளியே உருளை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பானை பாதி வேகும்போது சுடர் குட்டையாயிற்று.

"உருளை மேல பாரம் வைக்கணும்" என்றாள் ஜெய்புன்னிசா. "அடியில கொஞ்சம் வாயு இருக்கு. அழுத்தினா வரும்."

வேண்டா முதலில் கல்லைத் தூக்கினாள். அவளுடைய ஆட்களும் தூக்கினார்கள். ஜெசிந்தா குடையை எறிந்துவிட்டு மழைக்குள் இறங்கினாள். மாடியிலிருந்து சிரித்த அத்தனை பெண்களும் இறங்கினார்கள். தோட்டத்தில் பாத்தி கட்டியிருந்த கற்களெல்லாம் கைமாறிக் கைமாறி வந்து உருளை மேல் ஏறின. உள்ளேயிருந்து கோதண்டராமனின் குரல் கேட்டது. "வருது, வருது. நிறுத்தாதீங்க."

கடைசிப் பானையும் வெந்து இறங்கியது.

மண்டபத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். விடுதிப் பெண்களும் குடியிருப்புக்காரர்களும் கலந்து உட்கார்ந்தார்கள், இடம் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. முதல்வரும் சப்பணமிட்டு உட்கார்ந்து தட்டை நீட்டினார். வேண்டா முதல் கவளத்தை வாயில் போட்டு மென்றாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"உப்பு கம்மி" என்றாள். மண்டபமே சிரித்தது. கோதண்டராமன் உப்புக் கிண்ணத்தோடு ஓடிவந்தார்.

மழை விட்டபின் குழியின் கரைசல் வாய்க்கால் வழியே வேண்டாவின் கழனிக்குப் போயிற்று. பீப்பாய்களுக்கு ஜெசிந்தா பொறுப்பேற்றாள். எலுமிச்சைத் தோலைச் சோற்றுப் பீப்பாயில் போட்ட ஒரு பெண்ணைக் கையை விட்டு எடுக்க வைத்தாள் என்று புகார்கூட வந்தது. வார்டன் அந்தப் புகாரைக் கேட்டுக்கொண்டாள், மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு நாள் முதல்வர் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். கொத்தனார் வந்திருப்பதாகச் சொன்னார். ஜெய்புன்னிசா கையிலிருந்த குடுவையை மெல்லக் கீழே வைத்தாள்.

"மூடுறதுக்கு இல்ல" என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "இதை மாதிரி இன்னொண்ணு கட்டணும்னா எவ்வளவு இடம் வேணும்?"

"வாங்க சார், காட்டுறேன்" என்று அவள் முன்னால் நடந்தாள்.