கரிசலில் காய்ந்த தடம்

...பன்னிரண்டு, பின்னால் இன்னொன்று உறுமிக்கொண்டு வருகிறது, பதின்மூன்று வண்டிகள், நடுவில் ஒரு சிவிங்கிப்புலியும் மூன்று குட்டிகளும், சந்தையில் ஆடு பார்ப்பது போல சுற்றி நிற்கிறார்களே, வெட்கமாக இல்லையா... காலையிலிருந்து இரண்டு முறை தாய்ச் சிவிங்கி ஒரு மானைப் பார்த்துப் பதுங்கியது, இரண்டு முறையும் எவனோ இன்ஜினைக் கிளப்பினான், மான் ஓடிவிட்டது, குட்டிகளுக்கு இன்றைக்கும் பட்டினிதான். நான் மட்டும் பாதையிலேயே நிற்கிறேன், பதினாறு வருஷமாக இந்த மாரா சரணாலயத்தில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன், பாதையை விட்டு இறங்காதவன் லெகிஷோன் என்று நுழைவு கேட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்... பின் இருக்கை அம்மாள் பெருமூச்சு விடுகிறாள், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனால் என்ன என்று அதற்கு அர்த்தம், விடட்டும். மழை ஓய்ந்து ஐந்து நாள்தான், கரிசல் மேலே காய்ந்து அடியில் களியாக இருக்கிறது, ஈரத்தில் அழுந்திய தடம் இறுகி அடுத்த மழை வரை அப்படியே கிடக்கும், இது பக்கத்து வண்டி ஓட்டும் இந்த முத்திசோவுக்குத் தெரியாதா? "ஏண்டா முத்திசோ, புல்லுக்குள்ள எறங்கியிருக்கியே, அறிவில்ல உனக்கு?" என்று கத்தினேன். "அட போங்கண்ணே, தடம் ஏற்கெனவே கெடந்துச்சு, அது மேலதான் வந்தேன்" என்று சிரிக்கிறான், சிரிப்பைப் பார்... இதுதான் இவர்கள் வழக்கம், ஒருவன் சக்கரம் பட்டால் அடுத்தவனுக்கு அது பாதை, பத்தாவது ஆளுக்கு நெடுஞ்சாலை.

நல்ல வேளை, ரேஞ்சர் செலெய்னா வந்துவிட்டாள். ஜீப்பிலிருந்து குதித்து நேராக என்னிடம்தான் வந்தாள், "அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இங்க மொதல்ல தடம் போட்டது யாரு? அவனுக்கு இந்த சீசன் முடியிற வரைக்கும் கேட் தொறக்காது." நான் யோசிக்கவே இல்லை, முத்திசோவைக் காட்டினேன். அவன் சிரிப்பு நின்றது, "அண்ணே, நான் இல்லண்ணே, என் பொழப்புண்ணே" என்றான், பிழைப்பாம், அந்தக் குட்டிகளுக்கு மட்டும் பிழைப்பு இல்லையா, அனுபவிக்கட்டும்... தடம் தொடங்கும் இடத்தை அவளுக்குக் காட்ட நானே இறங்கி நாலடி நடந்தேன். இன்று வந்தவை எல்லாம் மேலோட்டமாகக் கீறியிருக்கின்றன, அடியில் ஒன்று மட்டும் ஆழம், ஈரத்தில் பதிந்தது, இடது பக்கம் வரிவரியாக, வலது பக்கம் கட்டம் கட்டமாக... ஒரே வண்டிக்கு இரண்டு விதமான டயரை எவன் போடுவான்... வரும் வழியில் நரோக் டவுனில் ஒன்று வெடித்ததும் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்தவன் போடுவான்... ஆறு நாளைக்கு முன்னால், தூறல், பின் இருக்கையில் வேறு ஒருவர், இதே பெருமூச்சு, இரண்டே வண்டி நீளம்தானே, புல் நிமிர்ந்துவிடும் என்று நினைத்தேன்... நிமிரவில்லையே, அதை நான் மறந்தேனா, இல்லை, நினைக்காமலே இருந்தேனா? செலெய்னா முத்திசோவின் வண்டி நம்பரை எழுதுகிறாள், அவன் என்னையே பார்க்கிறான், நான் வாயைத் திறக்கலாம், இப்போதே திறக்கலாம்... என் வண்டி பின்னால்தான் நிற்கிறது, அவள் திரும்பினால் போதும்... நான் ஏன் நகர்ந்து நகர்ந்து அந்த வலது டயருக்கு முன்னால் வந்து நிற்கிறேன்?