யாரும் எடுக்காத பாதரசம்

அந்தப் பாதரசக் குப்பியை சுபாஸ்ரீ வாங்கவில்லை. கம்பம் ஊரில் இருந்த பல் மருத்துவமனையை அவளிடம் விற்றுவிட்டு ஓய்வுபெற்ற டாக்டர் விட்டுப்போனது. அவர் காலத்தில் வெள்ளி அடைப்புக்குப் பாதரசம் கலப்பார்கள். அவள் வெள்ளி அடைப்பதில்லை. குப்பி உள்ளங்கையில் அடங்கும். தூக்கினால் கை தாழும்.

மருத்துவக் கழிவு வண்டியில் வரும் எபனேசர் மஞ்சள் பையை எடுத்தான், சிவப்புப் பையை எடுத்தான், ஊசி டப்பாவை எடுத்தான். குப்பியை எடுக்கவில்லை.

"இது வேணாம் மேடம். நாங்க கொண்டுபோறத எரிப்பாக. இது புகையாக் கெளம்பிரும்."

"அப்ப யாருகிட்ட குடுக்க?"

"அதுக்குன்னு வேற கம்பெனி இருக்காம்."

அந்தக் கம்பெனி சென்னையில் இருந்தது. ஒரு குப்பிக்காக வண்டி வராது, கூரியரில் அனுப்புங்கள் என்றார்கள். கூரியர்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். சொன்னாள். பொட்டலத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

யாரும் வாங்கவில்லை என்று அவள் சொன்னதைக் கேட்டு, எனக்கு வேண்டும் என்றவர் ஒருவர்தான். கட்டடத்தின் சொந்தக்காரர் சங்கரலிங்கம். மாடியில் குடியிருந்தார். சுருளிப் பக்கம் ஒரு சாமி அவருக்கு ரசமணி செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தார். பாதரசத்தை மூலிகைச் சாறு விட்டு அரைத்து, சுட்டு, இறுக்கி எடுக்கும் மணி. பிள்ளைத்தாய்ச்சியின் கழுத்தில் கட்டினால் சுகப்பிரசவமாம். மருமகள் திரிஷாவுக்கு ஐந்தாம் மாதம்.

"சும்மாதான கெடக்கு டாக்டரம்மா. குடுத்தீகன்னா நல்ல காரியத்துக்காவது ஆகும்."

"அது விஷம் ஐயா. வயித்துப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது."

"விஷத்தையா இம்புட்டு வருசம் பல்லுக்குள்ள வச்சு அடைச்சாக?"

பல்லில் இறுகிக் கிடப்பது வேறு, குப்பியில் ஓடுவது வேறு என்றாள். அவர் சிரித்தார்.

"சாமியும் இறுக்கத்தான சொல்றாக."

அவள் குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையை மூடிவிட்டு தேனிக்குப் பஸ் ஏறினாள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முதல் மேசைக்காரர் அடுத்த மேசையைக் காட்டினார். அடுத்த மேசைக்காரர் மனு எழுதித் தரச் சொன்னார். மேலிடத்துக்கு அனுப்புவார்களாம்.

"அதுவரைக்கும் என்ன செய்யட்டும்?"

"பத்திரமாப் பூட்டி வைங்க மேடம்."

மாலையில் திரும்பியபோது அலமாரி திறந்திருந்தது. யாரும் உடைக்கவில்லை. பழைய டாக்டர் காலத்துச் சாவிக்கொத்து ஒன்று மாடியில் உண்டு. அது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

படியேறி ஓடினாள். சமையலறைத் தரையில் திரிஷா உட்கார்ந்து, மருந்தரைக்கும் கல்வத்தில் அரைத்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சாற்றுக்குள் சாம்பல் நிறம் புரண்டது. தரையெங்கும் சின்னச் சின்ன உருண்டைகள். சங்கரலிங்கம் அவற்றை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டக் கூட்ட அவை இன்னும் சிறிதாக உடைந்து ஓடின.

"அடுப்பு பத்த வச்சீகளா?"

"இன்னும் இல்ல. அரைச்சு முடியட்டும். பிள்ளைத்தாய்ச்சி கையாலதான் அரைக்கணும்னு சொல்லியிருக்காக."

"விளக்குமாத்தக் கீழ போடுங்க."

"யாருமே வாங்க மாட்டேங்குறாகன்னு நீங்கதான சொன்னீக?"

அவள் ஜன்னல்களைத் திறந்தாள். திரிஷாவைக் கை கழுவ வைத்து, சேலையை மாற்றச் சொல்லி, வெளியே மாடிப்படியில் உட்காரவைத்தாள். கீழே போய்க் கையுறையும் ஊசியில்லாத சிரிஞ்சும் எடுத்து வந்தாள். மண்டியிட்டு ஒவ்வோர் உருண்டையாக உறிஞ்சி எடுத்தாள். இருட்டும்வரை எடுத்தாள். தரைவிரிசலுக்குள் போனதை எடுக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது திரிஷா விரலை நீட்டினாள்.

"டாக்டர், மோதிரத்தப் பாருங்களேன்."

தங்கம் பாதிக்கு வெளுத்திருந்தது.

"பாத்தீகளா, தங்கத்தையே மாத்திருச்சு" என்றார் சங்கரலிங்கம். குரலில் பெருமை இருந்தது.

திரிஷா அவரைப் பார்க்கவில்லை.

"மோதிரத்தையே இப்படிப் பண்ணுதுன்னா, உள்ள இருக்கறத என்ன பண்ணும்?"

"அடுப்பு பத்த வைக்கல. பெருசா ஒண்ணும் இருக்காது. எதுக்கும் மதுரையில காட்டிருவோம்" என்றாள் சுபாஸ்ரீ.

"பெருசா இருக்காதுன்னா, சின்னதா இருக்குமா?"

சுபாஸ்ரீ பல் டாக்டர். அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா, நீங்க பேசாம இருங்க" என்றாள் திரிஷா. அவர் அதற்கு மேல் வாயே திறந்திருக்கவில்லை.

அவர் உள்ளே போனார். அங்கிருந்து கேட்டார்.

"டாக்டரம்மா, இந்த விளக்குமாத்தையும் கல்வத்தையும் எங்கன போட?"

அவள் மதுரைக்கு வண்டி கேட்டுப் போன் செய்துகொண்டிருந்தாள்.