அறுபத்தேழு மில்லிமீட்டர்

சுவர் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது, அப்படியென்றால் நூற்றைம்பது மீட்டர் ஆழம், என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் நினைத்தாள். நிமிர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. சமையலறைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. காது லேசாக அடைத்தது. கூடத்தில் சுவருக்குச் சுவர் கட்டியிருந்த கொடிக்கயிறு நடுவில் மூன்று விரற்கடை தொங்கியது. கடலுக்கடியில் அவள் கட்டிய கப்பல் இறங்கும்போதெல்லாம் மூன்றாம் மாடியிலிருந்த அந்த வீடு சுருங்கியது, ஏறும்போது விரிந்தது. இதற்காக வாடகையைக் குறைக்க முடியாது என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லிவிட்டார்.

அவள் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தளத்தில் உற்பத்திப் பொறியாளர். வளையம் வளையமாக வரும் எஃகு உடலை ஒன்றோடொன்று பொருத்திப் பற்றவைப்பது அவள் பொறுப்பு. அரை மில்லிமீட்டருக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்பதால் தொழிலாளிகள் அவளுக்கு மில்லிமீட்டர் என்றே பேர் வைத்திருந்தார்கள். கப்பலின் உடலை மூடுமுன் உள்ளே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். ஆழத்தில் கடல் எஃகை அமுக்கும், கயிறு தொய்யும், கப்பலில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பார்கள், கொஞ்சம் பயப்படுவார்கள். அந்தக் கயிற்றைக் கட்டியவள் அவள்தான். சுருளில் மிச்சமிருந்ததை வீணாக்குவானேன் என்று கேட்டு வாங்கிவந்து வீட்டில் துணி காயப்போடக் கட்டினாள். வீடு சுருங்குவதற்கு அதற்குமேல் ஒரு காரணத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் தடவை கயிறு தொய்ந்தபோது அவள் கணவர் அதை இழுத்துக் கட்டினார். சாயங்காலம் கப்பல் மேலே வந்ததும் கயிறு விண்ணென்று தெறித்து, ஆணியையும் ஒரு கை அகலச் சுவர்ப்பூச்சையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. பூச்சுவேலைக்குச் சிமெண்ட் குழைத்துக்கொண்டே அவர், "இனிமே உன் கப்பல் விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்றார். சொன்னபடியே இருந்தார்.

கீழ்வீட்டில் கப்பல் சமையல்காரரின் மனைவி குடியிருந்தாள். கைமாற்றாகச் சர்க்கரை கேட்டு வந்தவள் கயிற்றைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து நடுப்பகலில் வந்து, "இன்னிக்கு எப்படிக்கா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மாதம் திரும்புவதற்குள் கப்பலில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள், தைக்கிற துணியோடும் உரிக்கிற பட்டாணியோடும். யாரும் கயிற்றை முறைத்துப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். கணவர் பதினோரு பேருக்குத் தேநீர் போடக் கற்றுக்கொண்டார்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது. எஃகில் வெயில் பட்டால் பட்ட பக்கம் மட்டும் வீங்கும். அதனால் வளையம் சரியான வட்டமாக இருக்கிறதா என்று வெயில் ஏறுமுன்பே அளந்துவிட வேண்டும். ஐந்தாம் வளையத்தை அளக்க வேண்டிய அன்று மகளுக்குக் காய்ச்சல். ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் அவளால் போக முடிந்தது. யாரோ திறந்துவிட்டிருந்த பெரிய கதவு வழியாக வெயில் வந்து வளையத்தின் விலாவில் படுத்திருந்தது. கை வைத்துப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. அளவு சரியாக வந்தது. அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள், வெதுவெதுப்பை எழுதவில்லை. வீங்கிய வளையம் சரியாக வந்தால் ஆறிய வளையம் எப்படி வரும் என்ற கேள்வி வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில்தான் வந்தது. மறுநாள் இருட்டு பிரியுமுன் ஓடினாள். அதற்குள் பற்றவைத்து முடித்திருந்தார்கள். நான்கு வருடம் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கோணிய வளையத்தை ஆழ்கடல் காலி டப்பாவைப் போல நசுக்கிவிடும் என்பது மட்டும் சாப்பிடும்போதும் தலைவாரும்போதும் கூடவே இருந்தது.

முந்நூறு மீட்டர் சோதனை ஒரு வியாழக்கிழமை காலை. தளத்திலிருந்து கப்பலில் போக நான்கு பேருக்குத்தான் இடம், அவள் ஐந்தாவது. விடுப்பு போட்டுவிட்டு இரும்பு அளவுகோலோடு கயிற்றின் கீழே ஸ்டூலில் ஏறி நின்றாள். கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: வளையம் வட்டமாக இருந்தால் அறுபத்தேழு மில்லிமீட்டர் தொய்யும், அங்கேயே நிற்கும், கோணியிருந்தால் எழுபதைத் தாண்டும், நிற்காது.

"என்னக்கா, இன்னிக்கு ஒரேயடியா தொங்குது?" என்றாள் சமையல்காரர் மனைவி. "வீட்ல ஒரு நிமிஷம் உக்கார மாட்டார் இந்த மனுஷன். அந்த டப்பாக்குள்ள எப்படித்தான் அடைஞ்சு கெடக்காரோ."

ஐம்பத்தைந்து. ஜன்னல் கண்ணாடி முனகியது. அறுபது. தரையில் இருந்த பட்டாணி தானாக நடுக்கூடத்துக்கு உருண்டு வந்தது. அறுபத்தாறு. அவளுக்குக் காது முழுவதுமாக அடைத்துவிட்டது. பெண்களின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அறுபத்தேழு. கயிறு அங்கே நின்றது. ஒரு தேநீர் ஆறும் நேரம் நின்றது. பிறகு அறுபத்தாறு, அறுபத்தைந்து என்று ஏறத் தொடங்கியது. பட்டென்று அவள் காது திறந்துகொண்டது. முதலில் கேட்டது அவளுடைய அழுகைச் சத்தம்தான்.

அன்று மத்தியானம் கணவரிடம் சொன்னாள். "நாலு வருஷமா இதையா வயித்துல கட்டிக்கிட்டுத் திரிஞ்சே?" என்றார் அவர். மறுநாள் பழைய அளவுத்தாளை எடுத்து ஓரத்தில், அளந்தபோது வளையம் வெதுவெதுப்பாக இருந்தது என்று எழுதித் தேதி போட்டாள். மேலதிகாரி நெடுநேரம் படித்தார். கத்தினார், அந்த வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார். கடைசியில், "வெதுவெதுப்புன்னா எத்தனை டிகிரிம்மா?" என்று கேட்டார். அன்று அவளுக்குப் பசித்தது. இரண்டு தடவை சாப்பிட்டாள்.

பாதுகாப்புப் பிரிவு அதிகாரி வந்தது அதற்குப் பிறகுதான். கையில் முத்திரை குத்திய தாள் இருந்தது. கப்பலின் ஆழம் அரசாங்க ரகசியம், கயிற்றை அவிழ்த்து ஒப்படைக்க வேண்டும் என்றார். பெண்கள் தைப்பதை நிறுத்தவில்லை.

"இது துணி காயப்போடற கொடி சார். அவிழ்க்க மாட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்தார். தாளை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். குரலைத் தாழ்த்தி, "என் தம்பி அதுல இருக்கான்மா. இப்ப எவ்வளவு ஆழத்துல இருக்காங்க?" என்றார்.

கயிறு நன்றாகத் தெரிகிற இடத்தில் அவள் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அது ரகசியம் சார்," என்றாள். "நான் சொல்ல மாட்டேன்."