கூண்டா, நானா

மூன்றாவது மடிக்கணினியை விற்பனையாளர் அவள் நெஞ்சின் மேல் வைத்தபோது, கடையில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்றுவிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் சட்டை போட்ட, தலையில் பாதி நரைத்த ஒரு பெண்மணி கடைத் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி மூச்சு இழுத்து விடுவது அந்தத் தெருவில் அதற்குமுன் நடந்ததில்லை. ஒருவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கனமா இருக்கா மேடம்?"

"பேசாதீங்க. மூச்சு விட்டுப் பாத்துட்டிருக்கேன்."

எல்லோரும் அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தார்கள்.

"ஆகாது. இழுக்கும்போது பரவாயில்ல, விடும்போது அமுக்குது. எடுங்க."

விற்பனையாளர் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார். "மேடம், இதுல எட்டு ஜிபி ரேம். கேம்கூட ஆடலாம்."

"அவரு ஆட மாட்டாரு. ஒண்ணே ஒண்ணைப் பாக்கணும், அவ்வளவுதான். படம் பெருசா தெரியணும், நெஞ்சுல கனக்கக் கூடாது, சுடக் கூடாது, உள்ளே ஃபேன் கத்தக் கூடாது. விலை என் சம்பளத்தைத் தாண்டக் கூடாது."

"சுடக்கூடாதா?"

"ஆயுசு முழுக்கக் கொதிகலன் முன்னாடி நின்னவரு. இனிமே ஒரு பொட்டுச் சூடு ஆகாதுங்கறாரு. டீயையே ஆறப்போட்டுத்தான் குடிக்கிறாரு."

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா பழைய ஆலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். ஆலை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் புகைக்கூண்டு மட்டும் நகராமல் நின்றது. சாமானிய உயரமில்லை. மழை மேகம் அந்தப் பக்கம் வந்தால் ஒதுங்கி வழிவிட்டுப் போகும். ஒரு வெள்ளைப் புறா அதன் உச்சியில் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தபோது, காக்கைகள் நல்ல வரன் என்று நினைத்துச் சம்பந்தம் பேச வந்ததாக அப்பா சொல்வார். பொய் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அம்மா கல்யாணமான நாளிலிருந்து வெள்ளைத் துணி துவைத்துப் போட்டுச் சாம்பல் துணி மடித்து வைத்தவள். அப்பா அந்தக் கூண்டுக்குக் கொடுத்த கரியில் ஒரு பங்கை அது கொஞ்சம் கொஞ்சமாக அவர் நெஞ்சுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த டாக்டர், "ஒரு வாரம்" என்றார்.

அதே வாரத்தில்தான் கூண்டை வெடிவைத்துத் தகர்க்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. படுத்துக் கிடந்த அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துடலாம். கூண்டா, நானா?"

முதல் தடவை மழை வந்து வேலை நின்றது. இரண்டாவது தடவை உச்சியில் ஏதோ பறவை முட்டையிட்டிருந்தது. மூன்றாவது தடவை வெடிமருந்து அறையின் சாவியை வைத்திருந்தவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். கூண்டு தள்ளிப்போடப் போட, அப்பாவும் தள்ளிப்போட்டார். டாக்டர் வாரம் சொல்வதையே விட்டுவிட்டார்.

ஆலையில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிய சிநேகிதர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் சங்குதான். அவளுக்குச் சங்கு மாமா. அவர் தன் மீசையைப் பந்தயம் கட்டினார். கூண்டு முதலில் விழுந்தால் மீசையை எடுத்துவிடுவதாக.

"அப்ப நான்தான் முந்துவேங்கறியாடா பாவி?" என்று அப்பா கேட்டார்.

"உன் மேல எனக்கு என்னடா விரோதம்? நம்ம ஆலைக்காரன் வேலை எதுடா சொன்ன தேதியில நடந்திருக்கு? அதை நம்பிக் கட்டறேன்."

இன்று மூன்று மணிக்கு நிச்சயம் என்று சொல்லிவிட்டார்கள். சுற்றுத் தெருக்களை எல்லாம் அடைத்துவிட்டதால் நேரலையில் காட்டுகிறார்களாம். கைபேசியில் பார்த்தால் அப்பாவின் கண்ணுக்குக் கூண்டு தீக்குச்சியாகக்கூடத் தெரியவில்லை. மேசையில் வைத்தால் தலையைத் திருப்ப முடியாது. நெஞ்சின் மேல் சாய்த்து வைத்தால்தான் தெரியும். நெஞ்சோ போர்வையையே பாரம் என்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகத் தூக்கி வந்த கணினியை வைத்துப் பார்த்தபோது, "கூண்டுகிட்ட லஞ்சம் வாங்கிட்டியா?" என்று அப்பா கேட்க, அவர் அதைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை.

இதையெல்லாம் தரையில் படுத்தபடியே அவள் சொல்லி முடித்ததும், விற்பனையாளர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடினார். ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் மெலிசாக ஒன்று இருந்தது.

"போன வருஷத்து மாடல். காட்சிக்கு வெச்சிருந்தது, பெட்டி இல்ல, அதான் விலை பாதி. ஃபேனே கிடையாது, சுடாது, கத்தாது. வேகம் மட்டும் கொஞ்சம் கம்மி."

"அவருக்கும் கம்மிதான்."

"மூடியில ஒரு கீறல் இருக்கு."

"அவருக்கும் இருக்கு."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் சட்டைக் கையால் கீறலைத் துடைத்தார். "நீங்க எந்திரிங்க மேடம். இத நானே பாத்துச் சொல்றேன். அப்பா என்னை மாதிரி இருப்பாரா?"

"உங்கள்ல பாதி."

"அப்ப வயித்தை எக்கிக்கிறேன்."

பட்டையைத் தோளில் தள்ளிக்கொண்டு அவர் படுத்தார். அவள் மடிக்கணினியை அவர் நெஞ்சில் வைத்தாள். கடை மொத்தமும் குனிந்தது.

"ஏறுது… இறங்குது… மேடம், வெச்சிட்டீங்களா இல்லையா?"

கைதட்டல் தெருமுனை வரை கேட்டது. வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தனக்கும் ஒரு தடவை வைத்துப் பார்க்கச் சொன்னார்.

ரசீது போடும்போது விற்பனையாளர், பழக்க தோஷம், "இன்னும் கொஞ்சம் கட்டினா மூணு வருஷம் வாரண்டி…" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பேனா மூடியைத் தேடி மூடினார்.

"ஓடுங்க மேடம்," என்றார்.

அவள் பள்ளியின் காரில் வந்திருந்தாள். கூரை மேல் பலகையில் 'பழகுபவர்' என்று எழுதியிருந்தால் யார்தான் பக்கத்தில் வருவார்கள்? லாரிகள் ஒதுங்கின. ஒரு பேருந்து நின்றே விட்டது. மாணவர்களுக்கு அவள் பல வருஷமாகப் 'பண்ணாதே, பண்ணாதே' என்று சொன்ன அத்தனையையும் ஒரே பயணத்தில் பண்ணி முடித்து, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இருக்காராம்மா?"

"இருக்காரு. கூண்டும் இருக்கு. சீக்கிரம் வா."

அப்பா தலையணைகளில் சாய்ந்திருந்தார். முகம் காலையில் இருந்ததைவிடச் சிறுத்திருந்தது. கண் மட்டும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் கண் மாதிரி இருந்தது. சங்கு மாமா கட்டில் தலைமாட்டில், மீசையை முறுக்கிவிட்டு, புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

மடிக்கணினி உடனே படம் காட்டிவிடவில்லை. முதலில் விசாரணை நடத்தியது.

"பேரு கேக்குதுப்பா."

"என் பேரைக் கேக்க அது யாரு?"

"பிறந்த தேதி கேக்குது."

"அது எதுக்கு இப்ப?"

"பாஸ்வேர்டு வெக்கணுமாம். இந்த வீட்டுல யாராலயும் கண்டுபிடிக்க முடியாததா இருக்கணும்."

"என் பொறந்தநாளை வை," என்றாள் அம்மா.

சங்கு மாமா சிரித்ததில் கட்டில் ஆடியது. அப்பா கண்ணை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு அது தயாராகிக்கொண்டிருப்பதாகவும், கொஞ்சம் பொறுக்கும்படியும், நடுவில் அணைத்துவிட வேண்டாம் என்றும் சொன்னது. ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"எனக்கும் அதேதான்னு… அதுகிட்ட… சொல்லு பாப்பா," என்றார் அப்பா. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

வட்டம் மறைந்தது. படம் வந்தது. நீல வானமும் நடுவே கறுப்பாக ஒரு கோடும்.

"அதோ! நிக்கறான் பாரு திருடன்!"

அவள் மடிக்கணினியை அவர் நெஞ்சின் மேல் இறக்கினாள், உறங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல. கையை உடனே எடுக்கத் தைரியம் வரவில்லை. அப்பா கண்ணால் 'எடு' என்றார். எடுத்தாள்.

"கனமே… இல்ல."

அம்மா கட்டிலின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பா மூச்சு இழுத்தால் கூண்டு மேலே போயிற்று. விட்டால் கீழே வந்தது. நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தால் கூண்டும் சேர்ந்து கரகரத்தது.

"டேய், கொஞ்சம் ஆடாம இரேன்," என்றார் சங்கு மாமா. "வெடிக்கு முன்னாடியே கூண்டு ஆடுது. இது செல்லாது."

"மூச்சு… விட வேண்டாமாடா?"

திரையில் மஞ்சள் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். பாதுகாப்பு பற்றிப் பேசினார். ஒத்துழைப்பு பற்றிப் பேசினார். ஒலிபெருக்கி கையில் கிடைத்த எவரும் அதைத் தாமாகக் கீழே வைத்ததில்லை.

"நிறுத்துய்யா!" என்று அம்மா திரையைப் பார்த்துக் கத்தினாள். "என் துணி எவ்வளவைத் தின்னிருக்கும்! விழட்டும் விடு!"

மஞ்சள் தொப்பி ஒரு வழியாக நகர்ந்தது. எச்சரிக்கைச் சங்கு ஊதியது.

"இப்படியா ஊதறது? மூச்சே இல்லாம," என்று சங்கு மாமா முகம் சுளித்தார்.

"பத்து," என்றது மடிக்கணினி.

அம்மாவும் சங்கு மாமாவும் சேர்ந்துகொண்டார்கள். "ஒம்போது! எட்டு!"

"அப்பாடா," என்றார் சங்கு மாமா, எண்ணுவதற்கு நடுவில். "இப்பதான் படம் ஆடாம தெளிவா நிக்குது. ஏழு!"

அவள் படத்தைப் பார்த்தாள். கூண்டு அடியிலிருந்து உச்சி வரை, கோடு கிழித்த மாதிரி நின்றது. அது மேலே போகட்டும் என்று காத்திருந்தாள். ஆறு. போகவில்லை. அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கழுத்தை நீட்டி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அஞ்சு!" என்று கத்தினாள். இந்தக் குரலை அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் மடிக்கணினிக்கு அடியில் நுழைத்து, அது அவர் மேல் படாதபடி ஒரு நூலளவு தூக்கிப் பிடித்தாள்.

"மூணு! ரெண்டு! ஒண்ணு!"

கூண்டின் அடியில் வெள்ளையாகப் புகைந்தது. அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, உட்காரச் சொன்னதும் உட்காருகிற விருந்தாளி மாதிரி, நேராகக் கீழே இறங்கியது.

"போச்சு!" சங்கு மாமா இரண்டு கையாலும் மீசையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் குதித்தார். "போச்சுடா என் மீசை! ஜெயிச்சுட்டான் படுபாவி!"

அம்மா கை தட்டினாள். தூசி எழும்பி எழும்பித் திரையை நிறைத்தது. அந்தத் தூசிக்குள்ளேயே எதையோ தேடுவதுபோல அம்மா இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்துருச்சுங்க! பாத்தீங்களா?" என்றாள். பிறகு மகளை முழங்கையால் இடித்தாள். "பாரேன் பாப்பா, படம் எப்படி ஆடுதுன்னு. சிரிப்பை அடக்க முடியல அவருக்கு."

அவள் மடிக்கணினிக்கு அடியிலிருந்து கைகளை எடுக்கவில்லை.